மாங்கா அலமாரி என் கைக்கு வந்திருக்கிறது: நூலகர் எந்தச் சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

#1 கொக்குவில்_வாசகி

வணக்கம். டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பதின்வயதினர் பகுதி இப்போது என் பொறுப்பு. அதில் முக்கால்வாசி மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. ஜப்பானிய அசைபடத்துக்கு அனிமே என்று பெயர், அவ்வளவு எனக்குத் தெரியும். பிள்ளைகள் வந்து கேட்கிற கேள்விகளில் பாதி எனக்குப் புரிவதில்லை. "மிஸ், அனிமே எந்த வால்யூமில நிக்குது?", "இது கேனனா, ஃபில்லரா?", "இதுக்கு லைட் நாவல் இருக்கா, மாங்கா வேண்டாம்", இப்படி.

நேற்று ஒரு அம்மா 'அட்டாக் ஆன் டைட்டன்' ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இணையத்தில பார்த்தன், ஷோனென் எண்டு போட்டிருக்கு. ஷோனென் எண்டால் சின்னப் பெடியங்களுக்குத்தானே? இதில ராட்சதன் மனுசரைக் கடிச்சுத் தின்னுறான்!" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

தயவுசெய்து இருநூறு சொல் அகராதி தராதீர்கள். அது இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, படித்தும் பார்த்துவிட்டேன். வாங்குவது, அடுக்குவது, கவுண்டரில் பதில் சொல்வது: இந்த மூன்றில் எதையாவது மாற்றக்கூடிய சொற்கள் எவை? அதுதான் வேண்டும்.

#2 ரெண்டாம்_சீசன்

அக்கா, சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க! முதலில் சுண்டெரே, யாண்டெரே, குடெரே, டாண்டெரே நாலும் தெரியணும். அப்புறம் வைஃபு, ஹஸ்பண்டோ, நகாமா, சென்பாய், அஹோகே, சிபி, பவர் அப், டைம் ஸ்கிப்...

#3 பழைய_காமிக்ஸ்காரன்

தம்பி, அவர் முதல் பத்தியிலேயே வேண்டாம் என்று சொன்னதைத்தான் நீங்கள் ஆரம்பித்திருக்கிறீர்கள் :)

#4 ஒசாகாவாசி

அந்த அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அப்புறம் தானாகப் பிடிபடும்.

ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய் நான்கும் கதை வகைகள் என்று பலர் எழுதுகிறார்கள். வயது முத்திரை என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. அந்தக் கதை முதலில் எந்தப் பத்திரிகையில் தொடராக வந்தது, அந்தப் பத்திரிகை யாரிடம் விற்கப் பார்க்கிறது, அவ்வளவுதான் அதற்குள் இருக்கும் தகவல். பையன்களுக்கு, பெண் பிள்ளைகளுக்கு, வளர்ந்த ஆண்களுக்கு, வளர்ந்த பெண்களுக்கு என்று நான்கு சந்தைகள். ஷூயெய்ஷா நிறுவனத்தின் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' 1968இல் தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரே இதழ் 65 லட்சத்துக்கு மேல் அச்சானது. அத்தனையையும் சின்னப் பையன்கள் மட்டுமா வாங்கியிருப்பார்கள்? ரயிலில் வேலைக்குப் போகிறவரும் படித்தார், அக்கா தங்கைகளும் படித்தார்கள். மங்கையர் மலர் வாங்கிய வீட்டில் அப்பாவும் புரட்டவில்லையா, அது மாதிரி.

இதை வயது முத்திரையாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று உதாரணங்கள்.

'சீஸ் ஸ்வீட் ஹோம்'. தொலைந்துபோன பூனைக்குட்டி ஒரு வீட்டில் வளரும் கதை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மடியில் வைத்துக் காட்டலாம். ஆனால் அது வந்தது கோடான்ஷாவின் 'மார்னிங்' இதழில், அதாவது செய்னென். முத்திரையைப் பார்த்து அடுக்கினால் பூனைக்குட்டி பெரியவர்கள் பகுதிக்குப் போய்விடும்.

'டெத் நோட்'. பெயரை எழுதினால் ஆள் செத்துப்போகும் நோட்டுப் புத்தகம் ஒரு பள்ளி மாணவனிடம் சிக்குகிறது. கொலை, தற்கொலை, பொலிஸ் வேட்டை. இது 2003 முதல் 2006 வரை ஷோனென் ஜம்பிலேயே வந்தது. ஆங்கிலப் பதிப்பில் விஸ் நிறுவனம் அதற்கு 'டி பிளஸ்' போட்டிருக்கிறது, மூத்த பதின்வயதினருக்கு என்று.

மூன்றாவது நம் எல்லோருக்கும் தெரிந்த சின்சான். 1990இல் அது தொடங்கியது 'வீக்லி மாங்கா ஆக்‌ஷன்' என்ற பெரியவர்கள் பத்திரிகையில். இந்தியாவில் குழந்தைகள் சேனலில் போட்டார்கள். பெற்றோர் கொதித்து, 2008இல் ஒளிபரப்பை நிறுத்தி, வெட்டி ஒட்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள். எந்தப் பத்திரிகைச் சரக்கு என்று யாராவது முதலிலேயே கேட்டிருந்தால் அந்தக் கூத்தில் பாதி குறைந்திருக்கும்.

ஆகவே அக்கா, வயதுக்குப் பின்னட்டையைப் பாருங்கள். விஸ் நான்கு படி வைத்திருக்கிறது: ஏ (எல்லோருக்கும்), டி (பதின்வயதினர்), டி பிளஸ் (மூத்த பதின்வயதினர்), எம் (பெரியவர்கள்). யென் பிரஸ் கிட்டத்தட்ட அதே முறையில் மூத்த பதின்வயதுக்கு 'ஓடி' என்று போடும். கோடான்ஷா 13, 16, 18 என்று வயதையே அச்சிடும். இவை அந்தந்த வெளியீட்டாளர் தானாகப் போடுவது, எல்லோருக்கும் பொதுவான வாரியம் எதுவும் கிடையாது. அதனால் ஒருவரின் 'டி'யும் இன்னொருவரின் '13'உம் அச்சு அசல் ஒன்றாக இருக்காது.

#5 பழைய_காமிக்ஸ்காரன்

நல்ல விளக்கம். அப்படியானால் அந்த நான்கு சொல்லையும் நூலகர் மறந்தே விடலாமா?

#6 ஒசாகாவாசி

மறக்கக் கூடாது. ரசனையைப் பிடிக்க அவை உதவும். ஒரு பிள்ளை "எனக்கு ஷோஜோ பிடிக்கும்" என்றால் அவள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் உறவுகள், மனநிலை, கட்டம் உடைந்து பூவும் ஒளியும் பரவும் பக்க அமைப்பு. அடுத்தது எதைக் கொடுப்பது என்று ஊகிக்கலாம். ஜப்பானில் புத்தகக் கடைகளில் பதிப்பகம், பத்திரிகை வரிசைப்படிதான் அடுக்கியிருப்பார்கள். கியோட்டோவின் சர்வதேச மாங்கா அருங்காட்சியகத்திலும் அப்படித்தான்: கீழ்த்தளச் சுவரில் ஷோனென், அதற்கு மேல் ஷோஜோ, அதற்கும் மேல் செய்னென். அங்கே வருகிறவருக்குப் பத்திரிகைகளின் பெயர்கள் சிறு வயதிலிருந்தே பழக்கம், அதனால் எடுபடுகிறது. கனடாவில் எடுபடாது. தலைப்பு அகரவரிசைதான் உங்களுக்கு நல்லது.

#7 ஜெயந்தி_லைப்ரரி

நான் அமெரிக்காவில் ஒரு மாவட்ட நூலகத்தில் இருக்கிறேன், அடுக்குவதைப் பற்றி நான் சொல்கிறேன். வாசகி, நீங்கள் இப்போது எப்படி வைத்திருக்கிறீர்கள்? எழுத்தாளர் பெயரிலா?

#8 கொக்குவில்_வாசகி

ஆமாம். டூயி எண் (நூலகத்தில் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்) 741.5952, அதற்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்து. எனக்கு முன்னால் இருந்தவர் வைத்த ஒழுங்கு.

#9 ஜெயந்தி_லைப்ரரி

சரி, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் சிக்கல் பெயர். ஜப்பானியப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். ஆங்கிலப் பதிப்புகள் பெரும்பாலும் திருப்பிப் போடும், சில போடாது. முதுகுச் சீட்டு ஒட்டுகிறவர் கடைசிச் சொல்லைத்தான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வார். ஒரே ஆசிரியர் அலமாரியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருப்பார். கதை ஒருவர், படம் ஒருவர் என்றால் இன்னும் மோசம். 'டெத் நோட்'டுக்கே ஓபா, ஒபாடா என்று இருவர். 'கிளாம்ப்' என்பது பெண்களின் குழு, அதற்குக் குடும்பப் பெயரே கிடையாது. எந்தப் பிள்ளையும் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேட்பதும் இல்லை. தொடரின் பெயரில் அடுக்குங்கள். அட்டவணையில் ஆசிரியர் இருக்கட்டும்.

இரண்டாவது எண். இதில்தான் பணம் வீணாகும். 'டிராகன் பால்' ஜப்பானில் மொத்தம் 42 தொகுதி, ஒரே தொடர். விஸ் அதை இரண்டாக வெட்டி, முதல் 16 தொகுதிகளை 'டிராகன் பால்' என்றும் மீதி 26ஐ 'டிராகன் பால் இசட்' என்று மறுபடி 1இலிருந்தும் போட்டது. தொலைக்காட்சித் தொடர் அப்படிப் பிரிந்திருந்ததால் செய்த வேலை. அட்டவணையில் இரண்டையும் இணைத்து ஒரு குறிப்பு போடாவிட்டால் 16 முடித்த பிள்ளை கதை முடிந்துவிட்டது என்று நினைத்துப் போய்விடும். இதோடு மூன்று தொகுதியை ஒன்றாகக் கட்டிய பதிப்புகள் வேறு வரும். அதில் 2 என்றால் பழைய 4, 5, 6. காணாமல்போன தொகுதிக்குப் பதில் வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் ஆர்டர் போட்டால் ஏற்கெனவே இருப்பதையே திரும்ப வாங்குவீர்கள்.

மூன்றாவது முதுகு. வலமிருந்து இடமாகப் படிப்பதால் நம் கணக்குக்குப் பின்னட்டையாக இருப்பதுதான் முன்னட்டை. நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் பார்கோடு சீட்டைக் கொண்டுபோய் முன்னட்டைப் படத்தின் நடுவில், கதாநாயகன் மூஞ்சியிலேயே ஒட்டிவிடுவார்கள். முதுகில் சீட்டு ஒட்டும்போது தொகுதி எண் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாங்கா முதுகில் எண் மேலே, நடுவே, கீழே என்று பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். எண் மறைந்தால் நாங்களே பெரிதாக எண் எழுதி மேலே ஒட்டிவிடுவோம். தொகுதி எண் தெரியாத மாங்கா அலமாரியில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இன்னொன்று, முதல் தொகுதி எப்போதும் இரண்டு பிரதி வாங்குங்கள். அதுதான் கிழியும், அதுதான் தொலையும். 1 இல்லாமல் 2 முதல் 27 வரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

#10 ரெண்டாம்_சீசன்

இப்போ நானும் உருப்படியா ஒன்று சொல்றேன். ஒரே பெயரில் மூணு பொருள் இருக்கும். லைட் நாவல், மாங்கா, அனிமே. லைட் நாவல் என்பது உரைநடை, நடுநடுவே சில படங்கள் மட்டும். பல கதைகள் இணையத்தில் தொடரா எழுதி, அப்புறம் லைட் நாவலா அச்சாகி, அப்புறம் மாங்காவாகி, கடைசியா அனிமே ஆகும். இசெகாய், அதாவது செத்தோ வேற எப்படியோ இன்னொரு உலகத்துக்குப் போய்ச் சேர்ற கதைகள், முக்கால்வாசி இந்த வழிதான். அதனால "லைட் நாவல் இருக்கா"ன்னு கேட்கிற பையன் மூலத்தைக் கேட்கிறான். அவன்கிட்ட மாங்காவைக் கொடுத்தா முகம் சுருங்கும்.

உங்களுக்கே ஒரு சிபாரிசு: 'அசென்டன்ஸ் ஆஃப் எ புக்வோர்ம்'. நூலக வேலை கிடைச்ச சந்தோஷத்தில் இருக்கிற பொண்ணு நிலநடுக்கத்தில் புத்தகங்களுக்கு அடியில் சிக்கிச் செத்துப்போறா. புத்தகமே ஏழைகளுக்கு எட்டாத ஒரு உலகத்தில் குட்டிப் பெண்ணா மறுபடி பிறந்து, காகிதம் செய்றதிலிருந்து ஆரம்பிக்கிறா. மியா கசுகி எழுதினது. 2013இலிருந்து 2017 வரை இணையத்தில் வந்தது, 2019இல் அனிமே. அடுக்கும்போது மட்டும் பார்த்து, பாகம் ஒன்று தொகுதி ஒன்று, பாகம் இரண்டு தொகுதி ஒன்றுன்னு திரும்பத் திரும்ப 1 வரும்.

கேனன்னா மூலக்கதையில் உள்ளது. ஃபில்லர்னா மாங்கா முன்னேறுறதுக்குள்ள அனிமே எட்டிப் பிடிச்சிடக் கூடாதுன்னு ஸ்டுடியோ இழுத்துச் சேர்த்தது. நருட்டோவில் அது நிறைய. "இது ஃபில்லரா"ன்னு கேட்கிறவனுக்கு "புத்தகத்தில் அந்தப் பகுதியே இல்லை"ன்னு சொன்னாலே போதும்.

#11 கொக்குவில்_வாசகி

இதைத்தான் எதிர்பார்த்தேன், நன்றி தம்பி. "அனிமே எந்த வால்யூமில நிக்குது" என்ற கேள்விக்கு வழி உண்டா? வாரம் ஒருமுறையாவது யாராவது கேட்கிறார்கள்.

#12 ரெண்டாம்_சீசன்

உண்டு. ரசிகர் விக்கிகளில் ஒவ்வொரு எபிசோடுக்கும் எந்த அத்தியாயம்னு போட்டிருப்பாங்க. அதிகம் கேட்கிற தொடர்களுக்கு ஒரு சின்ன அட்டை எழுதி அலமாரியில் செருகிடுங்க. உதாரணமா 'டீமன் ஸ்லேயர்' முகென் ரயில் படம் ஓடுறது மாங்காவில் 7, 8 தொகுதிகளில். படம் பார்த்தவனுக்கு அடுத்தது 8ஆம் தொகுதியின் பின்பாதியிலிருந்து.

வாங்குறதுக்கும் ஒரு சொல் இருக்கு: கூர். ஜப்பான் தொலைக்காட்சியில் மூணு மாசம் ஒரு கூர், 12 அல்லது 13 எபிசோடு. புதுத் தொடர்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு நாலு தடவை இறங்கும். கூட்டம் நூலகத்துக்கு வர்றது தொடர் ஓடும்போதும் முடிஞ்ச உடனேயும்தான். 'டீமன் ஸ்லேயர்' மாங்கா 2016இலேயே ஆரம்பிச்சது. 2019இல் யூஃபோடேபிள் ஸ்டுடியோ அனிமே எடுத்த பிறகுதான் விற்பனை பிச்சுக்கிட்டுப் போனது. 23 தொகுதியில் கதை முடிஞ்சிடுது, நூலக பட்ஜெட்டுக்கு வசதி. நூறைத் தாண்டி இன்னும் ஓடுற 'ஒன் பீஸ்' மாதிரி ஒன்றைத் தொடங்கும் முன் நல்லா யோசிங்க.

#13 குடிமகன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பொதுமக்கள் வரிப்பணத்தில் நூறு தொகுதி படப் புத்தகம் எதற்கு? அதுவும் வன்முறை, அரைகுறை ஆடை. நூலகம் என்றால் ஒரு தரம் வேண்டாமா? பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிவிட முடியுமா?

#14 ஒசாகாவாசி

எல்லாவற்றையும் வாங்கச் சொல்லி யாரும் இங்கே எழுதவில்லை. ஆனால் இந்தச் சண்டை ஜப்பானிலேயே நடந்து முடிந்தது, அதைச் சொல்கிறேன்.

'ஹதாஷி நோ கென்'. ஹிரோஷிமாவில் ஆறு வயதில் குண்டுவீச்சில் தப்பிய நகசாவா கெய்ஜி வரைந்தது. 1973இல் தொடங்கியபோது வந்தது எந்தப் பத்திரிகையில் தெரியுமா? மேலே பேசிக்கொண்டிருந்த அதே ஷோனென் ஜம்ப். தோல் உரிந்து தொங்க நடந்துபோகும் மனிதர்களும் அதில் உண்டு, ஜப்பான் ராணுவம் அடுத்த நாடுகளில் செய்த அட்டூழியங்களும் உண்டு. பள்ளி நூலகங்களில் பல காலமாக இருந்த ஒரே மாங்கா அதுதான் என்று சொல்லும் தலைமுறை இங்கே இருக்கிறது. 2012 டிசம்பரில் மட்சுயே நகரக் கல்வி வாரிய அலுவலகம், காட்சிகள் கொடூரமாக இருக்கின்றன, பிள்ளைகள் தாமாக எடுக்க முடியாதபடி உள்ளே வையுங்கள் என்று பள்ளிகளுக்குச் சொன்னது. நகசாவா இறந்ததும் அதே மாதம்தான். அடுத்த ஆகஸ்டில் விஷயம் செய்தித்தாளில் வந்து நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும், அந்த மாதமே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். புத்தகம் மறுபடி திறந்த அலமாரிக்கு வந்தது.

ஜப்பான் நூலகச் சங்கம் 1954இலேயே நூலகச் சுதந்திரம் பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டு, 1979இல் திருத்தியது. சேகரிக்கும் சுதந்திரம், கொடுக்கும் சுதந்திரம், வாசகரின் ரகசியம் காப்பது, எல்லாத் தணிக்கையையும் எதிர்ப்பது. இங்கே நூலகங்களில் மாட்டி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் அரிகாவா ஹிரோ 'நூலகப் போர்' என்று ஒரு நாவல் எழுதினார், 2006இல். அரசின் தணிக்கைப் படையை எதிர்த்து நூலகர்கள் துப்பாக்கி ஏந்துவது கதை. 2008இல் அனிமேவாகவும் வந்தது. நூலகர்கள் ரசிக்க வேறு எதுவும் இல்லை என்றாலும் இது ஒன்று போதும்.

தரம் என்றீர்கள். கியோட்டோ அருங்காட்சியகத்தில் சுமார் மூன்று லட்சம் பொருட்கள் இருக்கின்றன. அதில் ஐம்பதாயிரம் மாங்கா சுவர் அலமாரியில் யாரும் எடுத்துப் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. நகராட்சியும் கியோட்டோ செய்கா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2006இல் ஒரு பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் தொடங்கியது. வெயில் அடித்தால் வெளியே புல்தரையில் படுத்துக்கொண்டு படிப்பார்கள். பொதுப்பணம்தான்.

#15 குடிமகன்

'ஹதாஷி நோ கென்' மாதிரியான ஒன்றுக்கு நான் எதிரியில்லை. அரைகுறை ஆடை பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

#16 தேக்கா_பெண்

நான் சொல்கிறேன், ஏனென்றால் வாசகி அக்கா இந்தச் சொற்களை வேறு வழியில்லாமல் கேட்கத்தான் போகிறார்.

எச்சி என்றால் கிளுகிளுப்பு: பாவாடை பறப்பது, குளியலறைக் காட்சி, அந்த அளவு. ஹென்டாய் என்று வெளிநாட்டு ரசிகர்கள் சொல்வது முழு ஆபாசம். பதின்வயதினர் பகுதிக்கு அது வரவே வராது, உங்கள் விநியோகஸ்தர் பட்டியலிலேயே இருக்காது. ஒரு பையன் நக்கலுக்காக அந்தச் சொல்லைக் கவுண்டரில் கேட்டால், முகம் மாறாமல் "அது இங்கே கிடையாது, வேறென்ன வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். விளையாட்டு அதோடு முடிந்துவிடும். ஃபான்சர்வீஸ் என்றால் கதைக்குத் தேவையில்லாமல் ரசிகரைக் குஷிப்படுத்தச் செருகிய காட்சி. குடிமகன் சார் சொல்லும் அரைகுறை ஆடை பெரும்பாலும் இதுதான். வாங்கும் முன் நூலகர்கள் எழுதிய மதிப்புரைகளைப் பார்த்தால் எந்தத் தொடரில் எவ்வளவு என்று சொல்லியிருப்பார்கள்.

பிஎல், யூரி இரண்டும் வேறு கணக்கு. இரண்டு பையன்களுக்கிடையே, இரண்டு பெண்களுக்கிடையே காதல். இந்தப் பெயரைக் கண்டதுமே சிலர் பெரியவர்கள் அலமாரிக்குத் தள்ளிவிடுகிறார்கள். கைகோப்பதையே பத்து அத்தியாயம் தள்ளிப்போடும் பள்ளிக்கூடக் கதையும் பிஎல்தான், 18க்கு மேல் என்று பிளாஸ்டிக் உறை போட்டு விற்பதும் பிஎல்தான். மற்றதற்குப் பார்ப்பது மாதிரியே பின்னட்டை வயதைப் பாருங்கள், ஓரிரு அத்தியாயம் புரட்டுங்கள். ஆணும் பெண்ணும் முத்தமிட்டால் 'டி', இரண்டு பையன்கள் முத்தமிட்டால் 'எம்' என்று நீங்களாக ஒரு தனி அளவுகோல் வைக்காதீர்கள். அந்தப் புத்தகத்தைத் தேடி வரும் பிள்ளை அதைக் கவுண்டரில் வாய்விட்டுக் கேட்காது. தானாகக் கண்டெடுக்கிற இடத்தில் இருந்தால்தான் எடுக்கும்.

#17 பழைய_காமிக்ஸ்காரன்

ஒடாகு என்ற சொல்லைப் பற்றியும் சொல்லுங்கள். என் மருமகன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான், ஜப்பானில் திட்டு என்று கேள்விப்பட்டேன்.

#18 ஒசாகாவாசி

இரண்டும் உண்மை. 1983இல் நகமோரி அகியோ என்பவர் ஒரு பத்திரிகைப் பத்தியில் இந்த ரசிகர்களைக் கேலி செய்துதான் அந்தப் பெயரை வைத்தார். 1989இல் சிறுமிகளைக் கொன்ற ஒருவன் கைதானான். அவன் அறை முழுக்க வீடியோ கேசட் அடுக்கியிருந்த படம் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. அதன் பிறகு பல வருடம் அந்தச் சொல்லை யாரும் தன்மேல் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இப்போது அந்த விஷம் பெரும்பாலும் இறங்கிவிட்டது. இன்றைய பிள்ளைகள் அதிகம் சொல்வது 'ஓஷி': தான் உயிராக ஆதரிக்கும் பாத்திரம் அல்லது பாடகர். பை முழுக்க ஒரே முகத்தின் பேட்ஜ் குத்தியிருந்தால் அது ஓஷி. உசாமி ரின் இதையே கருவாக வைத்து எழுதிய நாவலுக்கு 2021 ஜனவரியில் ஜப்பானின் அகுதகாவா இலக்கியப் பரிசு கிடைத்தது. அப்போது அவர் கல்லூரி மாணவி.

வாசகி, நீங்கள் பிள்ளைகளை "ஒடாகு" என்று கூப்பிடாதீர்கள், அவர்களே சொல்லிக்கொண்டால் தவிர. பொதுவாகவே அவர்களின் சொற்கள் உங்களுக்குக் கேட்டால் புரிய வேண்டும், நீங்கள் பேச வேண்டியதில்லை. "உன் வைஃபு (மனைவி மாதிரி நினைத்து உருகும் கதைப் பெண்) யார்?" என்று நூலகர் கேட்டால் பதினான்கு வயதுப் பிள்ளை அடுத்த வாரம் வராது.

#19 ரெண்டாம்_சீசன்

ஹாஹா, எங்க ஸ்கூல் சார் ஒருத்தர் அப்படித்தான் பண்ணினார். ஆளே திரும்பிப் பார்க்கலை.

#20 கொக்குவில்_வாசகி

நல்ல வேளை முன்னாலேயே சொன்னீர்கள் :) இன்னொரு விஷயம். சில பிள்ளைகள், "மிஸ், நான் இதை ஏற்கெனவே முடிச்சிட்டன், ஸ்கேன்ல" என்கிறார்கள். நூலகராக நான் என்ன சொல்ல வேண்டும்? கோடை விடுமுறையில் அனிமே மன்றம் வைக்கச் சொல்லியும் கேட்கிறார்கள்.

#21 ஜெயந்தி_லைப்ரரி

ஸ்கேன்லேஷன்: யாரோ பக்கங்களை ஸ்கேன் செய்து, தாமே மொழிபெயர்த்து, அனுமதி இல்லாமல் இணையத்தில் போடுவது. அசைபடத்துக்கு அதுவே ஃபான்சப். எண்பதுகளில் வீடியோ கேசட்டில் வசனம் ஏற்றித் தபாலில் சுற்றிய காலத்திலிருந்து இருக்கிறது. அமெரிக்காவில் உரிமம் வாங்கியதும் நிறுத்திவிட வேண்டும் என்று தங்களுக்குள் ஒரு மரியாதையும் வைத்திருந்தார்கள். கிரஞ்சிரோலே 2006இல் அப்படிப்பட்ட கள்ளப் பிரதிகளோடு தொடங்கிய தளம்தான். 2009இல் உரிமம் உள்ளது மட்டும் என்று மாறி, ஜப்பானில் ஒளிபரப்பான சூட்டோடு வெளியிடும் சிமுல்காஸ்டுக்கு வந்தது. இன்று தமிழ் டப்பிங்கூட அதில் கிடைக்கிறது.

நான் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வதில்லை. நூலகம் கள்ளத்தளத்தின் முகவரியைச் சொல்லாது, திரையில் திறக்காது, அவ்வளவுதான். அதற்குப் பதில் ஷூயெய்ஷாவின் மாங்கா பிளஸ் என்ற தளம் இருக்கிறது. பல தொடர்களின் முதல் மூன்று, கடைசி மூன்று அத்தியாயங்களை இலவசமாகத் தருகிறது. நடுவில் உள்ளது நம் அலமாரியில்! இந்த வரியைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார்கள்.

மன்றத்துக்கு முக்கியமான எச்சரிக்கை: உங்கள் சொந்தச் சந்தாவில் கணினியைத் திரையோடு இணைத்துக் கூட்டத்துக்குப் படம் போடக் கூடாது. வீட்டுச் சந்தா வீட்டுக்கு மட்டும். வட்டு வாங்கி வைத்திருந்தாலும் பொதுத் திரையிடலுக்கு உரிமை தனியாக வேண்டும். உங்கள் நூலகம் திரைப்படங்களுக்கு ஆண்டு உரிமம் எடுத்திருக்கக்கூடும், ஆனால் எல்லா அனிமே நிறுவனமும் அதற்குள் அடங்காது. தலைப்பு வாரியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

திரையிடல் இல்லாமலே மன்றம் நன்றாக நடக்கும். வரைய மேசை, பேட்ஜ் செய்யும் இயந்திரம், ஆளுக்கொரு தொடரைப் பரிந்துரைக்கும் சுவர். எங்களிடம் கூட்டம் குவிவது வரையும் மேசையில்தான். கடைசியில் அவர்களே எட்டுப் பக்கத்துக்கு மடித்து ஒரு கையடக்க இதழ் செய்துவிடுவார்கள். ஒரு பிரதி அட்டவணைப்படுத்தி அலமாரியில் வைத்தோம். அதை எழுதிய பிள்ளை தன் பெயரைத் தேடுதிரையில் தட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

#22 ஒசாகாவாசி

அந்தக் கையடக்க இதழுக்கு இங்கே பெயர் டோஜின்ஷி. ரசிகர் தானே எழுதி, வரைந்து, அச்சிட்டு விற்பது. ஆபாசம் மட்டும்தான் என்று வெளியே ஒரு நினைப்பு உண்டு. ரயில் கால அட்டவணை ஆராய்ச்சிகூட டோஜின்ஷியாக வரும். 1975 டிசம்பரில் 32 குழுக்களும் எழுநூறு பேருமாகத் தொடங்கிய கொமிக்கெட் சந்தைக்கு 2019இல் ஒவ்வொரு பருவத்துக்கும் ஏழு லட்சத்துக்கு மேல் வந்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோனெசாவா யோஷிஹிரோவின் சேகரிப்பை வைத்து மெய்ஜி பல்கலைக்கழகம் 2009இல் டோக்கியோவில் ஒரு நூலகமே திறந்தது. கொமிக்கெட்டுக்கு வந்த மாதிரிப் பிரதிகளையும் அங்கே பார்க்கலாம். எட்டுப் பக்க இதழை அட்டவணைப்படுத்திய ஜெயந்தி அம்மா தனி ஆள் இல்லை.

காஸ்பிளேக்கு, அதாவது பிடித்த பாத்திரம் போல வேடமிடுவதற்கு, ஒரு விதியை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்: வேடத்தோடு வீட்டிலிருந்து வரக் கூடாது, உள்ளே வந்து மாற்றிக்கொண்டு, கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உங்கள் நூலகத்தில் உடை மாற்றத் தனி அறை இல்லையென்றால் இது சிரமம். ஆனால் கேட்காமல் படமெடுக்கக் கூடாது என்ற விதியைக் கட்டாயம் வையுங்கள். உங்களிடம் வருவது பதினெட்டுக்குக் கீழ்.

#23 குடிமகன்

என் பேத்தி 'சீஸ் ஸ்வீட் ஹோம்' கேட்டாள். நூலகத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன், இரண்டாம் தொகுதி முதல்தான் இருக்கிறது.

#24 ஜெயந்தி_லைப்ரரி

சார், #9 கடைசிப் பத்தி :)

#25 கொக்குவில்_வாசகி

அந்த அம்மாவிடம் பின்னட்டை வயதைக் காட்டிப் பேசினேன். டைட்டனை வைத்துவிட்டு, மகனுக்கு என்று வேறு ஒரு தொடரில் மூன்று தொகுதி எடுத்துப் போனார். அவர் முழுதாகச் சமாதானமானதாகத் தெரியவில்லை, மேலாளரிடமும் பேசப் போவதாகச் சொன்னார். பேசட்டும்.

அடுக்கை மாற்ற அனுமதி கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: ஜப்பானிலிருந்து வந்த ஒரு குடும்பம் அனிமே வட்டுகளை ஒரு பெட்டி நிறையக் கொடையாகத் தந்திருக்கிறது. டிவிடியும் உண்டு, புளூ ரேயும் உண்டு. எடுத்து வைக்கலாமா?

#26 ஜெயந்தி_லைப்ரரி

டிவிடிகளை விட்டுவிடுங்கள். வட்டுகளை உலக மண்டலம் வாரியாகப் பூட்டி விற்பார்கள். டிவிடியில் ஜப்பான் மண்டலம் 2, கனடா மண்டலம் 1, உங்கள் ஊர் சாதாரணக் கருவியில் ஓடாது. புளூ ரே இரண்டு நாட்டுக்கும் ஒரே 'ஏ' மண்டலம், ஓடும். ஆனால் ஜப்பான் வெளியீடுகளில் பெரும்பாலும் ஆங்கில வசனம் இருக்காது. உறையின் பின்பக்கம் வசன மொழி போட்டிருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரியுங்கள். ஆங்கிலம் இல்லாததை ஜப்பானிய மொழி கற்கும் குழு ஏதாவது உங்கள் நகரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், வாங்கிக்கொள்வார்கள்.